மூணு லைன் இருக்கு

சின்னம்மாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவளுடைய பட்டன் போன்தான். காதும் கேட்காது, வாயும் பேசாது, இவளுக்கு எதற்கு போன் என்று தோட்டத்தில் கேலி பேசாத ஆள் இல்லை. காதில் வைத்துக்கொள்ளவா அவள் அதை வாங்கினாள்? கைலி முடிச்சுக்குள், இடுப்போடு ஒட்டிச் செருகி வைத்திருப்பாள். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்குப் போய் ஒரு கல்லின் மேல் உட்காருவாள். அந்தத் தோட்டத்தில் அந்த மேட்டில் மட்டும்தான் போனுக்குக் கொஞ்சம் உயிர் இருக்கும். சிங்கப்பூரில் அவள் மகள் தொழிற்சாலைக்குள் நுழையும் முன் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். இடுப்பில் போன் அதிரும். யாரோ கிச்சுகிச்சு மூட்டிவிட்ட மாதிரி சின்னம்மா நெளிந்து சிரிப்பாள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தித் தானும் ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போவாள். மகள் எழுந்துவிட்டாள், தாயும் எழுந்துவிட்டாள். அதற்கு மேல் அந்த போனை வைத்துக்கொண்டு அவர்களால் ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியாது.

மலேசியாவில், கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் பாதி தூரம் வந்து, இடது பக்கம் மண் பாதையில் இறங்கினால் அந்தத் தோட்டம். முன்பு ரப்பர், இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஆட்கள் ஒவ்வொருவராக ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனபின் மிஞ்சியது கொஞ்சம் குடும்பங்கள். வரிசை வீடுகளை மற்ற ஊர்க்காரர்கள் லயம் என்பார்கள். அந்தத் தோட்டத்தில் லைன் என்றுதான் சொல்வார்கள். மேட்டு லைன், நடு லைன், கடைசி லைன். கடைசி லைனில் கூரை இறங்கிப்போய் ஆள் யாரும் இல்லை. சின்னம்மாவுக்கு வீடு நடு லைனில். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற மண்டோர் மாமா. ஒரு காலத்தில் வேலையாட்களை விரட்டி விரட்டி வேலை வாங்கியவர், இப்போது கோழிகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் காது போய்விட்டது, அதோடு பேச்சும் வரவில்லை. அந்தக் காலத்தில் அவளைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முறையான சைகை மொழி ஒன்று இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அவள் கைகளே ஒரு பாஷையை உண்டாக்கிக்கொண்டன. ஆளுக்கு ஒரு அடையாளம் வைத்திருந்தாள். எனக்கு இரட்டைச் சடை. நான் முடியைக் கழுத்தளவு வெட்டி இருபது வருஷம் ஆகியும் அவளுக்கு நான் இரட்டைச் சடைதான். மண்டோர் மாமாவுக்கு மீசை முறுக்கு. அவர் மீசையை எடுத்து எத்தனையோ காலமாகிவிட்டது, அதைப் பற்றி சின்னம்மாவுக்குக் கவலையில்லை. கன்னத்தில் கையை வைத்துத் தூங்கி, சட்டென்று கண்ணைத் திறந்தால் நாளைக்கு. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு விரல் நடந்து போனால் சிங்கப்பூர்.

மகள் பிறந்த சில மாதங்களில் சின்னப்பா இறந்துவிட்டார். தாயும் பிள்ளையும் தனியாக இருந்தார்கள். பிள்ளைக்கும் பேச்சு வராமல் போய்விடுமோ என்று அம்மா பயந்து, வாரம் தவறாமல் என்னையும் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் அந்தக் குழந்தையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் கவலையே வேண்டியிருக்கவில்லை. என் தங்கை வாயால் அம்மா என்பதற்கு முன்பே கையால் பால் கேட்டாள். வாயும் பிறகு நன்றாகவே வந்தது, வந்த பிறகு மூடவும் இல்லை. ஆனால் கோபம், செல்லம், ரகசியம் எல்லாம் அவளுக்குக் கையில்தான். எங்களுக்குச் சின்னம்மாவின் பாஷையில் சோறும் மழையும் காசும் தெரியும். அவர்கள் இருவருக்கும்தான் அதில் கதை பேசத் தெரியும். இருட்டில்கூட ஒருத்தி உள்ளங்கையில் இன்னொருத்தி எழுதுவது போல் தொட்டுப் பேசிக்கொள்வார்கள். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும் என் தங்கை விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் ஓடி வந்துகொண்டிருந்தாள். பெருந்தொற்று வந்து சிங்கப்பூருக்குப் போகும் கோஸ்வே பாலத்தை மூடியபோது அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். இரண்டு வாரம் என்றார்கள். பிறகு இன்னும் இரண்டு வாரம் என்றார்கள். பிறகு கெடு சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்துக் கட்டடங்கள் கண்ணுக்குத் தெரியும். அங்கிருந்து வரத்தான் வழியில்லை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. கூட வேலை செய்யும் ஈப்போ பையன். அவனும் ஊருக்குப் போக முடியாமல் அங்கேயே கிடந்தான். அவனுக்கு அவளைப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனை. அவனுடைய அப்பா அம்மா ஈப்போவிலிருந்து எனக்கு போன் செய்து, பெண்ணைப் பெற்றவங்க என்ன சொல்றாங்க என்று மரியாதையாகக் கேட்டார்கள். பெற்றவள் ஒருத்திதான், அவளிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றேன். கேட்பது அவ்வளவு பெரிய வேலையாகும் என்று அப்போது நினைக்கவில்லை.

முதலில் மண்டோர் மாமாதான் தூது. என் தங்கை அவருக்கு போன் செய்தாள். அவர் தொட்டி மேட்டில் நின்றுகொண்டு, ஒரு கையில் போனை வைத்து மறு கையால் சின்னம்மாவுக்கு விளக்கம் கொடுத்தார். பையனுக்குக் கன்னத்தில் குழி விழும், அதனால் அவனுக்குக் கன்னத்தில் விரல் வைக்கும் அடையாளத்தைக் கொடுத்திருந்தாள் என் தங்கை. மாமாவும் சொன்னபடியே கன்னத்தில் விரலைக் குத்தி, சிங்கப்பூரைக் காட்டி, உன் மகள் என்று காட்டினார். சின்னம்மா பதறிப்போய் வீட்டுக்கு ஓடி, ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க மேடேறி வந்தாள்.

"ஆயி, உங்கம்மா கிராம்பு காட்டுது. பல்லுல வச்சு நல்லா கடிச்சுக்கணுமாம்" என்றார் மாமா போனில்.

என் தங்கை சிரித்தாளாம், பிறகு அழுதாளாம். அடுத்தடுத்த நாட்களில் மாமா விடாமல் முயன்றார். கழுத்தில் முடிச்சுப் போட்டுக் காட்டினார், மேளம் அடித்துக் காட்டினார், கோழி மிரண்டு ஓட நாதஸ்வரமும் வாசித்தார். கடைசியில் ஒருவழியாகச் சின்னம்மாவுக்கு விஷயம் புரிந்து, அவள் தலையாட்டினாள். மாமா வெற்றியோடு அறிவித்தார்: "உங்கம்மா சரின்னுடுச்சு ஆயி!"

"எப்படி மாமா சரின்னாங்க?" என்று கேட்டாள் அவள்.

"எப்படின்னா? தலைய ஆட்டுச்சு."

"புருவம் தூக்குனாங்களா? தோள் இறங்குச்சா? என்னப் பாத்துச் சொன்ன மாதிரி இருந்துச்சா, உங்களுக்காகச் சொன்ன மாதிரி இருந்துச்சா?"

என் தங்கை அன்று என்னிடம் நெடுநேரம் பேசினாள். "அக்கா, எங்கம்மாகிட்ட நாலஞ்சு சரி இருக்கு. வேணாம்னு சொல்ல மனசு வராம சொல்ற சரி ஒண்ணு. ஆள விடுன்னு சொல்ற சரி ஒண்ணு. நீ போயிட்டா நான் என்ன செய்வேன்னு உள்ள வச்சுக்கிட்டு சொல்ற சரி ஒண்ணு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு சொன்னப்போ அந்தச் சரிதான் சொன்னாங்க. அப்ப நான் கவனிச்சும் கண்டுக்காம வந்துட்டேன். இந்த வாட்டி அம்மா முகத்தப் பாக்காம முடிவு சொல்ல மாட்டேன்." பையன் காத்திருக்கத் தயார். அவன் பெற்றோருக்குத்தான், பெண் வீட்டில் இழுத்தடிக்கிறார்களே, வேறு ஏதாவது மனதில் இருக்கிறதோ என்று சந்தேகம் வர ஆரம்பித்திருந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது.

முகம் பார்க்க வேண்டும் என்றால் வீடியோ கால். நான் ஒரு தொடுதிரை போன் வாங்கிக்கொண்டு போனேன். தொட்டி மேட்டில் முயன்று பார்த்தோம். படம் வந்தது, ஒரு நொடி அசைந்தது, நின்றது. நமக்கென்றால் படம் நின்றாலும் குரல் கேட்கும், சமாளித்துக்கொள்வோம். அவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது. என் தங்கையின் கை கன்னத்தருகே போய் அப்படியே உறைந்துவிட, சின்னம்மா என் பக்கம் திரும்பி, பார்த்தாயா, இன்னும் பல் வலிக்கிறது என்று காட்டினாள். சரி, பதிவு செய்து அனுப்பலாம் என்று போனை அவள் முன்னால் நீட்டினேன். முகம் இல்லாத ஒன்றைப் பார்த்துப் பேச அவளுக்கு வரவில்லை. போனை விட்டுவிட்டு என்னையே பார்த்துப் பேசினாள். அனுப்பிய பதிவில் ஒரு காதும் பாதித் தோளும்தான் இருந்தன.

மாவட்டம் விட்டு மாவட்டம் போகலாம் என்று தளர்த்தியபோது அவளை மெர்சிங்கிற்கு அழைத்துப் போனேன். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. போனுக்கு வரும் சிக்னலையும் நாங்கள் லைன் என்றுதான் சொல்வோம், அங்கே லைன் நன்றாக இருக்கும். போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தேன். மகள் முகம் தெளிவாக வந்ததும் சின்னம்மாவின் இரண்டு கையும் தானாக எழுந்தன. அவள் பேசும்போது கை மட்டும் பேசாது, தோள் பேசும், நாக்குத் தட்டும், தொண்டையிலிருந்து சின்னச் சத்தங்கள் வரும். பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை அவளைப் போலவே கையை ஆட்டிக் காட்டியது, அதன் அம்மா அதட்டினாள். சின்னம்மா கைகளை இறக்கி மேசைக்கு அடியில், மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் மகள் என்ன, என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சின்னம்மா புன்னகை மட்டும் செய்தாள். எனக்கு அந்தக் கடையையே தூக்கிக் கடலில் போட வேண்டும் போல் இருந்தது. வழியெல்லாம் அவள் கை மடியை விட்டு எழவில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபின் தன் நெஞ்சைத் தொட்டு, வீட்டுத் தரையைக் காட்டினாள். இங்கேதான் பேசுவேன் என்றாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ஆளில்லாக் காட்டுக்கு லைன் கொண்டுபோவதுதான் என் வேலை. கோபுரம் கட்டும் ஒப்பந்தக்காரரிடம் நான் இடங்களுக்கான ஒருங்கிணைப்பாளர். பத்து வீடு இருக்கிற இடத்தில் கோபுரம் கட்டினால் எந்தத் தொலைத்தொடர்புக் கம்பெனிக்கும் போட்ட பணம் திரும்பாது. அதனால் கட்ட மாட்டார்கள். கட்டவைக்க அரசாங்கம் மானியம் கொடுக்கிறது. லைன் இல்லாத இடங்களைப் பட்டியல் போட்டு, தனியார் கம்பெனிகளைப் போட்டிக்கு அழைத்து, இந்தா பணம், போய்க் கட்டு என்கிறது. இதைப் பற்றிக் கேலி பேச எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பட்டியலில் இருக்கும் கிராமத்தின் பெயரைச் சொல்லிக் கோபுரத்தை நெடுஞ்சாலை ஓரமாக நகர்த்தப் பார்க்கும் கெட்டிக்காரர்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறேன். இருந்தாலும் மானியம் இல்லையென்றால் மண் பாதைக்குள் ஒரு கம்பிகூட நட்டிருக்க மாட்டார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

சின்னம்மாவின் தோட்டத்தைச் சுற்றியிருந்த கம்பங்கள் என்கிற மலாய்க் கிராமங்கள் எல்லாம் பட்டியலில் இருந்தன. தோட்டம் மட்டும் இல்லை. 'சேவை உண்டு' என்று எழுதித் தள்ளிவிட்டிருந்தார்கள். அங்கே லைன் இருக்கிறதா என்று அளவெடுக்கப் போனவன் யார் என்று தேடிப் பிடித்தேன். ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், நல்ல பையன், பொய் சொல்லத் தெரியாதவன்.

"அக்கா, நான் தமிழ்லயே கேட்டேன் லா. அங்க ஒரு அங்கிள் இருந்தாரு. 'அங்கிள், இங்க லைன் இருக்கா'ன்னு கேட்டேன். 'இருக்கு தம்பி, மூணு லைன் இருக்கு. ரெண்டுல ஆளு இருக்கு, மூணாவதுல யாரும் இல்ல'ன்னாரு."

"நீ என்ன நினைச்ச?"

"மூணு கம்பெனி லைன் கிடைக்குது, ரெண்டத்தான் பயன்படுத்துறாங்க, மூணாவது கம்பெனிக்கு ஆள் இல்லன்னு நினைச்சேன். ஏன், அதான?"

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மேசையில் கவிழ்ந்துவிட்டேன். கருவி வைத்து அளக்கவில்லையா என்று கேட்டேன். அளந்தானாம். அந்த அங்கிளே கூட்டிப்போய் நல்ல இடத்தில் நிற்கவைத்தாராம், தேநீரும் கொடுத்தாராம். தொட்டி மேடு! தேடி வந்தவனுக்கு இருப்பதிலேயே நல்ல இடத்தைக் காட்டியிருக்கிறார் மண்டோர் மாமா. விருந்தாளியை ஒழுகுகிற மூலையிலா உட்காரவைப்பார்கள்?

கம்பெனித் தரப்பில் அந்தத் திட்டத்துக்குப் பொறுப்பாக ஒரு புவான் இருந்தார். கறாரான மலாய் அம்மாள், மேசை இழுப்பறையில் எப்போதும் மெர்சிங் கெரோப்போக், அந்த மீன் அப்பளம், வைத்திருப்பார், யாருக்கும் தர மாட்டார். அவரிடம் போய், முதலில் இது என் சின்னம்மா வீட்டு விவகாரம் என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். லைன் கதையைச் சொன்னதும், "அலமாக்!" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மலாயிலும் லைன் என்றால் லைன்தானே. சிரித்து முடித்தபின் பட்டியலை மாற்ற முடியாது, அதை அரசாங்கம் முடித்துவிட்டது, அடுத்த சுற்று எப்போது என்று தனக்கும் தெரியாது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கம்பத்தில் வரப்போகும் கோபுரத்தின் வரைபடத்தை அவர் முன்னால் விரித்தேன். கோபுரத்தின் உச்சியில் மூன்று பக்கம் பார்த்தபடி ஆண்டெனா வைப்பார்கள், எங்கள் பேச்சில் அவற்றை முகம் என்போம். இரண்டு முகம் கம்பத்தைப் பார்த்தன. மூன்றாவது முகம் மெர்சிங் சாலையைப் பார்த்தது. அதைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினால் போதும்.

புவான் சிரிப்பை நிறுத்தினார். சாலையில் போகிறவர்கள் போன் பேசுவார்கள், டேட்டா வாங்குவார்கள், அதில்தான் கம்பெனிக்குக் கொஞ்சம் வருமானம். தோட்டத்தில் என்ன வரும்? அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உன் சின்னம்மா எப்படிப் பேசுவார் என்று மட்டும் கேட்டார். நான் நாளைக்கு என்பதைக் கையால் காட்டினேன், சிங்கப்பூரைக் காட்டினேன். பல் வலிக் கதையைச் சொன்னேன். அவர் இரண்டு விரலைத் தன் முழங்கையில் வைத்து மணிக்கட்டு வரை நடத்திப் பார்த்தார். அவருடைய மகனும் அப்போது அந்தப் பக்கம்தான் மாட்டிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று மறுபடி அளந்து வரச் சொன்னார். மானியம் கார் ஓட்டுகிறவர்களுக்கா, குடியிருக்கிறவர்களுக்கா என்று மேலிடத்தில் தான் கேட்பதாகச் சொன்னார். எழுந்து வரும்போது இழுப்பறையைத் திறந்து கெரோப்போக்கை என் பக்கம் தள்ளினார்.

நானும் அந்தப் பையனும் போய் வாசல் வாசலாக அளந்தோம். எங்கேயும் ஒன்றுமில்லை. மண்டோர் மாமா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. "அப்ப நான்தான் கெடுத்தேனா பாப்பா? அந்தப் புள்ள அங்க அழுவுறதுக்கு நான்தான் காரணமா?" என்று கேட்டுவிட்டுக் கோழிக்கூண்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். சின்னம்மா என் தோளைத் தட்டி விவரம் கேட்டாள். என்னால் முடிந்த வரையில் காட்டினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. நேராக மாமாவிடம் போய் அவர் முகத்துக்கு நேரே மூன்று விரலை நீட்டி, வரிசை வீட்டைக் காட்டி, காதில் போன் வைத்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு எப்போது அவரைப் பார்த்தாலும் அவருக்கு மூன்று விரல்தான். மீசை முறுக்கு போய்விட்டது.

புவான் மேலிடத்தில் என்ன பேசினார் என்று என்னிடம் சொன்னதே இல்லை. கட்டுமானம் நின்று நின்று நகர்ந்தது. ஒரு நாள் சிமெண்ட் வராது, ஒரு நாள் ஆள் வர அனுமதி இருக்காது. ஈப்போக்காரர்களிடம் நான் உண்மையைச் சொன்னேன். கோபுரம் முடியட்டும், பெண் தன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வாள் என்றேன். கல்யாணத்துக்குக் கோபுரம் கட்டிப் பதில் சொல்கிற சம்பந்தியை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். பையனின் அம்மா, "நாங்க காத்திருக்கோம்மா" என்றார்.

ஒரு வழியாகக் கோபுரத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். மூன்றாவது முகம் தோட்டத்தைப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை காலை நான் நடு லைனுக்குப் போனபோது சின்னம்மா குளித்து, விபூதி பூசி, தீபாவளிக்குக் கட்டும் சேலையைக் கட்டியிருந்தாள். மண்டோர் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. வீட்டுக்குள் போனைத் திறந்தேன். சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. மகள் முகம் வந்தது, அசைந்தது, நிற்கவில்லை.

சின்னம்மா போனை வாங்கி ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். மறு கையால் பேச ஆரம்பித்தாள். பாதி வார்த்தையிலேயே திக்கினாள். அவள் பாஷைக்கு இரண்டு கை வேண்டும். எத்தனை வரைபடம் போட்டோம், எத்தனை முறை அளந்தோம், போனை எதில் நிறுத்துவது என்று மட்டும், மெர்சிங்கில் போத்தலில் சாய்த்து வைத்த எனக்குக்கூட, தோன்றவில்லை. பால் டின்னில் சாய்த்து வைத்தேன், சரிந்து விழுந்தது. அலமாரியில் வைத்தேன், முகம் தெரிந்தது, கை தெரியவில்லை. நான் பிடித்துக்கொள்கிறேன் என்றால் என் கண்ணைப் பார்த்ததும் அவள் என்னிடமே பேச ஆரம்பித்துவிடுகிறாள். கடைசியில் வாசலிலிருந்து மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"குடு பாப்பா" என்றார். இரண்டு கையாலும் போனைத் தன் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிச் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"ஏன் மாமா அந்தப் பக்கம் பாக்குறீங்க?"

"தாயும் மகளும் பேசுறாங்க. அதப் பாக்குறது ஒட்டுக் கேக்குற மாதிரியில்ல?"

அவள் வாழ்நாளெல்லாம் அவள் கைகளை எல்லாரும் வேடிக்கைதான் பார்த்திருக்கிறோம், நானும்தான். அது பேச்சு, அதற்கும் ஒரு கதவு வேண்டும் என்று அன்றைக்கு அந்த மனிதருக்குத்தான் தோன்றியது. நான் தேநீர் போடும் சாக்கில் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அங்கிருந்து எனக்குக் கேட்டதெல்லாம் வளையல் சத்தம்தான். நிற்காத வளையல் சத்தம். நடுவில் ஒரு முறை அது நின்றது. எனக்கு அடுப்பு அணைந்ததுகூடத் தெரியவில்லை. பிறகு சின்னம்மா சிரித்தாள். தொண்டை கிழிய, மூச்சு முட்ட, அவளுக்கென்று இருந்த ஒரே குரலில் சிரித்தாள். என்ன நடந்தது என்று என் தங்கை பிறகு சொன்னாள். பையன் திரைக்குள் வந்து, உங்கள் மகளை நான் பார்த்துக்கொள்வேன் என்று கையால் சொல்வதற்குப் பல நாள் பழகியிருந்தானாம். பதற்றத்தில் விரல் மாறி, உங்கள் மகளை நான் துவைத்துப் போடுவேன் என்று சொல்லிவிட்டானாம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சின்னம்மா மகளைப் பார்த்து ஒரு சரி சொன்னாளாம். புருவம் தூக்கவில்லை, தோள் இறங்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து எடுத்து, திரையை நோக்கி விரித்தாளாம். அந்தச் சரியை அதுவரை தான் பார்த்ததே இல்லை என்றாள் என் தங்கை.

இப்போது அவர்கள் மூவரும் ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். மாமியார் முகம் வாடினால் மாப்பிள்ளை வேண்டுமென்றே துவைத்துக் காட்டுகிறார். தோட்டத்தில் மேட்டு லைனும் காலியாகிக்கொண்டு வருகிறது. மிச்சமிருப்பவர்கள் லைன் மெதுவாக இருக்கிறது என்று எனக்கு போன் செய்து குறை சொல்கிறார்கள், அதையும் வீட்டுக்குள் உட்கார்ந்தபடியே சொல்கிறார்கள். எந்தக் கோபுரத்துக்கு மானியம் எவ்வளவு போனது, கம்பெனிக்கு என்ன மிஞ்சியது என்று கூட்டங்களில் இன்னும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும், மக்கள் பணம். அப்படிப் பேசும்போதெல்லாம் என் மனம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறது.

தேநீரோடு நான் திரும்பி வந்தபோது மாமாவின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. முகம் மட்டும் நாட்காட்டியை விட்டுத் திரும்பவில்லை. நான் வந்ததைத் தெரிந்துகொண்டு மெல்லக் கேட்டார்.

"முடிஞ்சுதா பாப்பா?"

வளையல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இல்ல மாமா. இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்காங்க. கை வலிச்சா நான் பிடிக்கிறேன்."

"வேணாம் வேணாம், நீ அசைச்சுப்புடுவ" என்றார் சுவரைப் பார்த்து. "பேசட்டும்."